ஒரு கேள்வி, இரண்டு படம்: ஜிப்லி ஃபேன்டஸிப் படங்களை ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

"இரண்டு படத்திலும் துணிச்சலான பெண் இருக்கிறாள். இரண்டிலும் காடு வருகிறது. இரண்டுமே இயற்கையைக் காக்கச் சொல்கின்றன." ஜப்பானிய அனிமேப் படங்களை முதன்முதலாக ஒப்பிட்டு எழுதுபவர்களின் கட்டுரை பெரும்பாலும் இப்படித் தொடங்கி, இப்படியே முடிந்துவிடும். கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல எத்தனை பொருந்துகிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுகிறார்கள். படிப்பவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

கல்லூரி ஒப்படைப்போ, சிற்றிதழ்க் கட்டுரையோ, யூடியூப் வீடியோவுக்கான எழுத்தோ, எதற்காக எழுதினாலும் கீழே உள்ள வரிசையில் போனால் வேலை பாதியாகும். எல்லாப் படிகளிலும் ஒரே ஜோடியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: ஜப்பானிய அனிமேஷன் ஸ்டூடியோவான ஜிப்லியை நிறுவியவர்களில் ஒருவரான ஹயாவோ மியாசாகி இயக்கிய 'நௌஸிகா' (1984), 'பிரின்சஸ் மோனோனோகே' (1997). தேவைப்படும் இடத்தில் மட்டும் வேறு படங்கள் வரும். முடிவுகள் உட்பட இரண்டு கதைகளும் இங்கே முழுசாகச் சொல்லப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. படத்துக்கு முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஒப்பிடத் தகுந்த கேள்விக்கு மூன்று சோதனை உண்டு. இரண்டு படங்களும் அந்தக் கேள்வியைத் தொட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லக்கூடாது. அந்தப் பதில் வசனத்தில் மட்டும் நின்றுவிடாமல் காட்சியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"இயற்கையை நேசிக்கச் சொல்கிறதா?" என்ற கேள்வி இரண்டாவது சோதனையிலேயே தோற்கும். இரண்டு படத்துக்கும் பதில் 'ஆமாம்'தான். "காட்டை அழிக்க வருபவர் பக்கம் நியாயம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே படங்கள் பிரிந்து நிற்கும். நௌஸிகாவில் காட்டை எரிக்க வரும் தோல்மேகிய நாட்டுப் படைத்தலைவி குஷானாவிடம் படையும் கோபமும் இருக்கின்றன. மோனோனோகேயில் காட்டை வெட்டும் இரும்பு உலைக்களத் தலைவி எபோஷியை நம்பி ஓர் ஊரே பிழைக்கிறது.

வேறு ஜோடி தேடுபவர்களுக்குச் சில கேள்விகள்:

வேலைக்குப் போகும் சிறுமி எதை இழக்கிறாள்? ('கிகிஸ் டெலிவரி சர்வீஸ்', 1989, 'ஸ்பிரிட்டட் அவே', 2001.) 13 வயது கிகி சூனியக்காரிகளின் வழக்கப்படி தானே விரும்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள், நடுவில் அவளுடைய பறக்கும் சக்தி போய்விடுகிறது. 10 வயது சிஹிரோ வேறு வழியின்றி ஆவிகளின் குளியல் மாளிகையில் வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள். போட்ட கையோடு அவளுடைய பெயர் பறிபோய்விடுகிறது.

ஊரைக் காப்பதா, ஒரே ஓர் ஆளைக் காப்பதா? (மகோதோ ஷின்காய் இயக்கிய 'யுவர் நேம்', 2016; 'வெதரிங் வித் யூ', 2019.) முன்னதில் ஊர்மக்கள், பெண் இருவரையும் கதை காப்பாற்றித் தருகிறது. பின்னதில் நாயகன் பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறான், டோக்கியோ தண்ணீரில் மூழ்குகிறது.

இங்கே ஒரு கண்ணி. 'மை நெய்பர் டோடோரோ'விலும் ஸ்பிரிட்டட் அவேயிலும் கரிப்புகைக் குட்டிகள் வருகின்றன. "ஒரே உயிரி இரண்டு படத்தில்!" என்று அதை வைத்தே கட்டுரை கட்டுபவர்கள் உண்டு. அது சுவையான தகவல், அவ்வளவுதான். கேள்வியாக்க வேண்டுமானால் இப்படிக் கேளுங்கள்: டோடோரோவில் அவை பழைய வீட்டில் சும்மா குடியிருந்து, ஆள் வந்ததும் கிளம்பிப் போகின்றன, குளியல் மாளிகையிலோ கரி சுமக்கின்றன, வேலை செய்யாவிட்டால் மந்திரம் கலைந்துவிடும் என்று அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் கமாஜி சொல்கிறார். ஏன் இந்த மாற்றம்? இப்போது எழுத ஏதோ கிடைத்துவிட்டது.

2. கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மொத்தக் கட்டுரையும் தவறான பதிப்பின்மேல் நின்றிருப்பது கடைசியில்தான் தெரியவரும்.

முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். நௌஸிகா 117 நிமிடம். மோனோனோகே ஏறக்குறைய 134, ஸ்பிரிட்டட் அவே 125, கிகி 102. நௌஸிகா 95 நிமிடத்தில் முடிந்தால் உங்களிடம் இருப்பது 1980-களில் அமெரிக்காவுக்காக 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்ற பெயரில் வெட்டி ஒட்டப்பட்ட பதிப்பு. 20 நிமிடத்துக்கு மேல் போயிருக்கும், பெயர்களும் மாறியிருக்கும். அதை வைத்து ஒரு வரியும் எழுத வேண்டாம். ஆனால் 112 நிமிடம் என்று காட்டினால் பயப்படத் தேவையில்லை. பழைய ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 24-க்குப் பதில் 25 சட்டகம் ஓடும். படம் நாலு சதவீதம் வேகமாகும், காட்சி எதுவும் குறையாது. நேரக்குறிப்பு மட்டும் உங்கள் நண்பருடையதோடு ஒத்துப்போகாது.

அடுத்தது ஒலித்தடம். ஆங்கில டப்பிங்கில் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை அலசுவது ஆபத்து. மூன்று இடங்களைச் சொன்னால் போதும்.

ஸ்பிரிட்டட் அவே முடிவில் கார் கிளம்பிப் போகும்போது, புது வீடு, புதுப் பள்ளி பற்றி அப்பாவும் சிஹிரோவும் பேசுவது ஆங்கில டப்பிங்கில் சேர்த்தது. மூலத்தில் அந்த இடம் மௌனம். "சிஹிரோ தன்னம்பிக்கை பெற்றதை அவளே சொல்கிறாள்" என்று எழுதினால், படத்தில் இல்லாத வசனத்துக்குப் பொழிப்புரை எழுதியதாக ஆகும்.

கிகியின் பூனை ஜிஜி முடிவில் மறுபடி பேசுகிறதா? மூலத்தில் இல்லை. டிஸ்னி 1998-இல் வெளியிட்ட டப்பிங்கில் பேசுகிறது. வளர்ந்த பெண் எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற கேள்விக்கான பதிலே இங்கே தலைகீழாகிறது.

மோனோனோகேயில் நாயகன் அஷிதாகா தான் வந்த காரணத்தைச் சொல்லும் வரி. ஆங்கிலத்தில் 'வெறுப்பால் மங்காத கண்களோடு' என்று வரும். ஜப்பானிய மூலத்தில் 'மங்கல் இல்லாத கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பேன்' என்பதுதான் இருக்கிறது. வெறுப்பு என்ற சொல் இல்லை. வெறுப்பு மட்டுமா கண்ணை மறைக்கும்? பாசமும் மறைக்கும், பயமும் மறைக்கும். மூலம் விரித்துவைத்த பொருளை டப்பிங் குறுக்கிவிடுகிறது.

ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் வைத்துக்கொண்டாலும் ஒரு வம்பு மிச்சம் இருக்கிறது. சில பதிப்புகளில் சப்டைட்டில் என்று ஓடுவது டப்பிங் வசனத்தின் நகல்தான். கண்டுபிடிக்க எளிய வழி: யாரும் வாய் திறக்காத இடத்தில் எழுத்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிட்டட் அவேயின் கடைசி நிமிடம் அதற்குத் தோதான இடம்.

கடைசியாக, தானாக அடுத்த படத்துக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். நௌஸிகாவின் கதை பெயர்ப்பட்டியலுக்குக் கீழே தொடர்ந்து ஓடுகிறது. இந்த ஒப்பீட்டுக்கு மிக முக்கியமான சட்டகம் அங்கேதான் இருக்கிறது. கிகியிலும் அப்படியே.

3. செலவு, நாள் கணக்கு

2020 பிப்ரவரியிலிருந்து அமெரிக்கா, கனடா, ஜப்பான் தவிர்த்த நாடுகளுக்கு நெட்ஃப்ளிக்ஸ் ஜிப்லி பட்டியலின் 21 படங்களைத் தவணை தவணையாக விட்டது. உரிமம் வரும், போகும். அதனால் சந்தா கட்டும் முன், நீங்கள் இருக்கும் நாட்டில் உங்கள் இரண்டு படமும் அன்றைக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால் ஒரு மாதச் சந்தா போதும். வேலையை அந்த 30 நாளுக்குள் முடிக்கத் திட்டமிட்டால் இரண்டாவது மாதப் பணம் மிச்சம்.

1,500 சொல் கட்டுரைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் தடவை பார்க்க இரண்டு படத்துக்கும் சேர்த்து நாலேகால் மணி நேரம், இரண்டு நாள். குறிப்பெடுத்துப் பார்க்கும்போது நிறுத்தி நிறுத்தி, இரண்டு மணி நேரப் படம் நாலு மணி நேரம் பிடிக்கும். ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல், நாலு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காட்சிகளை ஜோடி சேர்க்க இரண்டு நாள், எழுத மூன்று நாள். ஒரு நாள் கட்டுரையைத் தொடாமல் ஆறவிட வேண்டும். மிச்சம் திருத்தத்துக்கு. இரண்டு படத்தையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். எந்தக் காட்சி எதில் வந்தது என்று மறுநாளே குழம்பும்.

4. குறிப்பு நோட்டு

முதல் தடவை பேனாவைத் தொட வேண்டாம். படம் முடிந்ததும் நினைவில் நிற்கும் ஐந்து காட்சிகளை மட்டும் எழுதி வையுங்கள். எது தானாக ஒட்டிக்கொண்டது என்பதே ஒரு தடயம்.

இரண்டாம் தடவை பக்கத்தை ஐந்து பத்தியாகக் கோடு போடுங்கள்: நேரம், யார், என்ன செய்கிறார், என்ன சொல்கிறார், கண்ணிலும் காதிலும் என்ன. மூன்றாவதும் நாலாவதும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். சொல்வதும் செய்வதும் முரண்படும் இடங்களில்தான் பாத்திரம் பிடிபடும்.

நௌஸிகாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பள்ளத்தாக்கின் இளவரசியான நாயகி நௌஸிகாவை 'அகிம்சையின் வடிவம்' என்று எழுதாத கட்டுரை அபூர்வம். நோட்டைப் பாருங்கள்: தோல்மேகியப் படை அப்பாவைக் கொன்றதும் ஆத்திரத்தில் அவள் படைவீரர்களை அடித்துக் கொல்கிறாள். அவளுடைய குரு யூபா நடுவில் பாய்ந்து தன் கையில் கத்தியை வாங்கிக்கொண்ட பிறகுதான் நிற்கிறாள். பின்னால் அவரிடம் அழும்போது, தன்னைக் கண்டே தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். அகிம்சை அவளுக்குப் பிறவிக் குணமாக வரவில்லை. கை நனைந்த பிறகு எடுத்த முடிவு. இதை விட்டுவிட்டால், சாபம் ஏறிய கையோடு அலையும் அஷிதாகாவுடன் அவளை ஒப்பிடும் வாய்ப்பே போய்விடும்.

நேரக்குறிப்பை நிமிடம் வரை எழுதினால் போதும். எந்தப் பதிப்பு என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

5. பாத்திரங்களை நிறுத்துப் பார்ப்பது

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாலு கேள்வி: என்ன வேண்டும்? எதற்குப் பயம்? யாருக்குக் கடன்பட்டவர்? கடைசியில் என்ன கொடுத்தார்? இதற்கு விடை எழுதிவிட்டு, இரண்டு படத்திலும் ஒத்த இடத்தில் நிற்பவர்களைப் பக்கத்தில் வையுங்கள். 'ஒத்த இடம்' என்றால் கதையில் செய்யும் வேலை. வயது, பால், தலைமுடி நிறம் எல்லாம் இல்லை. மோனோனோகேயின் பெயர் ஓநாய்கள் வளர்த்த பெண்ணான சானைச் சுட்டினாலும் நாம் கதைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அஷிதாகாவோடுதான். ஆகவே நௌஸிகாவுக்கு எதிரே முதலில் நிற்க வேண்டியவன் அவன். சானை அங்கே நிறுத்தினால் பாதிக் கணக்கு உதைக்கும்.

எதிரணியைச் செய்து காட்டுகிறேன். வழக்கமாக எழுதப்படும் பத்தி இது:

"குஷானா, எபோஷி இருவருமே வலிமையான தலைவிகள். இருவரும் இயற்கையை எதிர்க்கிறார்கள். இருவருக்கும் ஒரு கை இல்லை. மியாசாகி ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை படைத்திருக்கிறார்."

ஒரு தகவலும் பொய்யில்லை, முடிவு மட்டும் தப்பு. கை எப்போது போனது என்று கேட்கவில்லை. கேட்ட பிறகு பத்தி இப்படி மாறும்:

"குஷானா கதை தொடங்கும் முன்பே கையை இழந்தவள். பொய்க்கையைக் கழற்றிக் காட்டும்போது, பூச்சிகளையும் காட்டையும் எரிக்க அவளுக்கு இருக்கும் காரணத்தையே கழற்றிக் காட்டுகிறாள். எபோஷியின் கை கதை முடியும் தறுவாயில் போகிறது. காட்டின் ஆவியான ஷிஷிகாமியைச் சுட்டுத் தலையை வீழ்த்திய பிறகு, சானை வளர்த்த ஓநாய் மோரோவின் துண்டான தலை பாய்ந்து அந்தக் கையைக் கவ்விப் போகிறது. முன்னவளுக்குக் கை காரணம், பின்னவளுக்கு விலை. அதனால்தான் குஷானா பின்வாங்கிப் போனால் கதைக்குப் போதுமானதாக இருக்கிறது. எபோஷியோ எரிந்த ஊரின் நடுவே உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி நல்ல ஊராக்குவோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது."

அடுத்து, இருவரையும் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குஷானாவைச் சுற்றிப் படைவீரர்கள். எபோஷியைச் சுற்றி, அவள் விலை கொடுத்து மீட்டுவந்த பெண்கள். நாலு பகல் ஐந்து இரவு ஒரு முறை என்று இரும்பு உலைத் துருத்தியை மிதிப்பவர்கள், ஆண்களை வாய்க்கு வாய் கேலி பேசுபவர்கள். வேறெங்கும் அவர்களுக்குச் சோறு இல்லை. இந்தப் பெண்களைச் சொல்லாமல் எபோஷியை 'வில்லி' என்று எழுதிவிட்டால் மோனோனோகேயின் முடிச்சே அவிழ்ந்து விழும்.

6. கருப்பொருள்: காட்சிக்குக் காட்சி ஜோடி

கருப்பொருளைத் தனிப் பத்தியாக, கருத்துரை மாதிரி எழுதாதீர்கள். மூன்றே மூன்று காட்சி ஜோடி எடுங்கள். நாலாவது ஜோடி கிடைத்தாலும் நோட்டிலேயே இருக்கட்டும். நம் ஜோடியில் இவை:

மறைவிடம். நௌஸிகா கோட்டையின் அடியில், ஆழத்திலிருந்து இறைத்த சுத்தமான நீரில் நச்சுக்காட்டுச் செடிகளை வளர்க்கிறாள். அங்கே அவை விஷம் கக்குவதில்லை. குற்றம் செடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அவளுடைய பள்ளத்தாக்கின் மண்ணும் அதில் சேர்த்தி. அதை யூபா பார்த்துவிடுகிறார். மோனோனோகேயில் எபோஷி தானே அஷிதாகாவைத் தன் ரகசியத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறாள். ஊரார் நெருங்க அஞ்சும் நோயாளிகள், உடம்பெல்லாம் கட்டுப் போட்டவர்கள், அங்கே அவளுக்காகத் துப்பாக்கி செய்கிறார்கள். தங்களை மனிதராக நடத்தியவள் அவள் ஒருத்திதான் என்கிறார் படுக்கையில் கிடப்பவர். முதல் மறைவிடம் காட்டை நிரபராதி ஆக்குகிறது. இரண்டாவது, காட்டின் எதிரியை வெறுக்க முடியாமல் செய்கிறது. 13 ஆண்டு இடைவெளியில் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்வது என்பது மாறியிருக்கிறது. இந்த ஒரு ஜோடியை நன்றாக எழுதினாலே கட்டுரை நிமிர்ந்து நின்றுவிடும். மூன்று ஜோடிக்கான இடத்தில் ஏறக்குறைய பாதியை இதற்குத் தரலாம்.

உயிர் திரும்புதல். ஓமு என்ற ராட்சதப் பூச்சிகளின் கூட்டத்தின் முன் விழுந்த நௌஸிகாவை அவற்றின் பொன்னிற உணர்கொம்புகள் தூக்கி உயிர்ப்பிக்கின்றன. பழைய வாக்கு பலிக்கிறது. குண்டடிபட்ட அஷிதாகாவை ஷிஷிகாமி பிழைக்கவைக்கிறது, ஆனால் கையிலிருக்கும் சாபத்தை எடுப்பதில்லை. முடிவிலும் உள்ளங்கையில் தழும்பு மிஞ்சுகிறது. முதல் படத்தில் அற்புதம் கணக்கை முடிக்கிறது, இரண்டாவதில் பாக்கி வைக்கிறது.

கடைசிச் சட்டகம். இரண்டும் துளிரில் முடிகின்றன என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நௌஸிகாவில் நச்சுக்காட்டின் அடியில், விஷம் எட்டாத மணலில், அவளுடைய தலைக்கவசத்தின் அருகே ஒரு முளை. பக்கத்தில் மனிதத் தடம் இருக்கிறது. மோனோனோகேயில் அழிந்த காட்டின்மேல் பச்சை படர்கிறது, கொடாமா என்ற மர ஆவி ஒன்றே ஒன்று தலையாட்டுகிறது. மனிதர் யாரும் இல்லை. காடு மீண்டாலும் அது இனி ஷிஷிகாமியின் காடு இல்லை என்று சான் சற்று முன்தான் சொல்லியிருக்கிறாள். மனிதரை மன்னிக்க முடியாது என்றும். அவள் காட்டில், அஷிதாகா உலைக்களத்தில். யாரும் யாரோடும் குடியேறவில்லை.

இங்கே இன்னொரு கண்ணி. நௌஸிகாவுக்கு மியாசாகியே வரைந்த மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) உண்டு, 1982 முதல் 1994 வரை வந்து 7 தொகுதியானது. படம் வந்தபோது மாங்கா பாதிகூட ஆகவில்லை. காட்டைப் பற்றி அது பின்னால் சொல்வது வேறு. மாங்காவின் முடிவைப் படத்தின் வாயில் திணிக்காதீர்கள். அதேபோல நௌஸிகாவை 'ஜிப்லி தயாரித்த முதல் படம்' என்றும் எழுதாதீர்கள். ஸ்டூடியோ 1985-இல்தான் தொடங்கியது. பட்டியலில் சேர்த்துச் சொல்வது வழக்கம், அது வேறு விஷயம்.

7. பெயரும் விகுதியும்

தமிழில் எழுதுபவருக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. வினைமுற்று எழுதியவுடனேயே நம் மொழியில் தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. 'நௌஸிகா சொன்னார்', 'குஷானா சொன்னாள்' என்று கலந்து எழுதினால், வாதம் தொடங்கும் முன்பே யார் நல்லவர் என்று சொல்லிவிட்டீர்கள். ஒத்த இடத்தில் நிறுத்தும் பாத்திரங்களுக்கு ஒரே விகுதி வையுங்கள். புனைவுப் பாத்திரங்களுக்கு அவள், அவன் என்பது தமிழ் விமர்சனத்தில் இயல்பு. யூபாவைப் போன்ற பெரியவருக்கு 'அவர்' போட்டால் எதிரணியின் பெரியவருக்கும் போடுங்கள்.

ஓநாய் மோரோ அதுவா, அவளா? சான் அவளை அம்மா என்று கூப்பிடுகிறாள். உலைக்கள ஆட்களுக்கு அது மிருகம். நீங்கள் 'அது' என்று எழுதினால் உலைக்களத்தின் பக்கம் போய்விட்டீர்கள். 'பேசுகிற விலங்குக்கு அவன், அவள். பேசாததற்கு அது' என்ற விதி பெரும்பாலும் கைகொடுக்கும். ஷிஷிகாமி ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'அது' பொருந்தும், அதன் எட்டாத்தன்மையும் கூடவே வரும். 'மோனோனோகே' என்பதும் பெயர் இல்லை. வஞ்சம் கொண்ட ஆவியைக் குறிக்கும் சொல், உலைக்களத்தார் சானுக்கு வைத்த பட்டம். கட்டுரையில் 'சான்' என்றே எழுதுங்கள்.

'காமி' (ஜப்பானிய மரபில் இயற்கையில் உறையும் ஆவி) என்ற சொல்லைக் கடவுள் என்று மாற்றாமல், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்து அப்படியே வைப்பது நல்லது. குளியல் மாளிகைக்குக் களைப்பாற வரும் எண்ணற்ற காமிகளில் முள்ளங்கி உருவம் உண்டு, சேறு நாறும் ஆறு உண்டு. 'கடவுள்' என்றதும் தமிழ் வாசகர் மனதில் எழும் உருவம் இவற்றோடு ஒட்டாது. சிஹிரோவின் பெயர் கதையையும் எழுத்தோடு விளக்க வேண்டும்: அவள் பெயரில் இருக்கும் இரண்டு சீன எழுத்தில் ஒன்றைக் குளியல் மாளிகைத் தலைவி யுபாபா பிடுங்கிக்கொள்கிறாள், மிஞ்சும் எழுத்தைத் தனியாகப் படித்தால் 'சென்', ஆயிரம். இதைச் சொல்லாவிட்டால் சிஹிரோ எப்படிச் சென் ஆனாள் என்று படிப்பவர் விழிப்பார்.

பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டிவையுங்கள். முதல் பக்கத்தில் 'அஷிதாகா', மூன்றாம் பக்கத்தில் 'ஆஷிடக்கா' என்று வந்தால் எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்றே சந்தேகம் வரும். ஸ்டூடியோவின் பெயர் ஜப்பானிய உச்சரிப்பில் 'ஜி'யில்தான் தொடங்குகிறது, 'கி'யில் இல்லை.

8. எழுதும் வரிசை

முதல் படத்தை முழுக்க எழுதிவிட்டு அப்புறம் இரண்டாவதை எழுதும் முறை, 1,500 சொல்லுக்குள் சரிப்படாது. இரண்டு கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். காட்சி ஜோடி வாரியாக மாற்றி மாற்றி எழுதுங்கள். கணக்கு ஏறக்குறைய இப்படி: கேள்வியை வைக்க 150 சொல், இரண்டு கதையும் சேர்த்து 150, மூன்று ஜோடிக்கு 1,050, அதில் முக்கிய ஜோடிக்கு 500, மறுப்புக்கு 150. மறுப்பு என்றால், உங்கள் பதிலுக்கு எதிராகப் படத்திலேயே இருக்கும் காட்சி. குஷானாவும் வெறும் வெறிபிடித்தவள் இல்லையே என்று யாராவது கேட்பார்கள்; நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

இயக்குநர் பேட்டியை ஆதாரமாக வைக்காதீர்கள். பேட்டியில் சொன்னது அவர் நினைத்தது; படத்தில் வந்தது வேறாக இருக்கலாம். ரசிகர் கோட்பாடுகள் இன்னும் மோசம். ஒரு கோட்பாடு உண்மையா என்று ஐந்து நிமிடத்தில் காட்சியைக் காட்டி நிறுவ முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

9. ஸ்டில்களும் மேற்கோளும்

2020 செப்டம்பரில் ஸ்டூடியோ ஜிப்லி தன் இணையதளத்தில் 8 படங்களிலிருந்து 400 ஸ்டில்களை வெளியிட்டது. பிறகு மற்ற படங்களும் சேர்ந்தன. நியாயமான வரம்புக்கு உட்பட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று அவர்களே குறிப்பு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்தே எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் ரசிகர் ஓவியத்தையோ செயற்கை நுண்ணறிவு வரைந்த 'ஜிப்லி பாணி' படத்தையோ போட்டுவிட்டு அதைக் காட்சி என்று அலசியவர்களும் இருக்கிறார்கள். அச்சு இதழுக்கு அனுப்புவதானால் ஸ்டில் போடலாமா என்று ஆசிரியர் குழுவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டால், எந்தச் சப்டைட்டிலிலிருந்து தமிழாக்கினீர்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஜப்பானியம் தெரியாவிட்டால் குறியை விட்டுவிட்டு, "இந்தப் பொருள்பட" என்று எழுதுவதே பாதுகாப்பு.

10. அனுப்பும் முன்

ஆறவிட்ட நாளுக்கு அடுத்த காலை, பென்சிலோடு உட்காருங்கள். 'இருவருமே', 'இரண்டுமே' என்று வரும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்து 'ஆனால்' வருகிறதா, அந்த 'ஆனால்'-க்கு ஒரு காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வாக்கியத்தை வெட்டுங்கள். பிறகு ஒரு படத்தின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு பத்தியைப் படியுங்கள். அந்தப் பத்தி இன்னொரு படத்துக்கும் அப்படியே பொருந்தினால் அதைத் திரும்ப எழுத வேண்டும். சந்தா முடிய இன்னும் ஒரு வாரமாவது இருக்கும்போது இந்த வேலையைச் செய்யுங்கள். நிச்சயம் இரண்டு மூன்று காட்சியைத் திறந்து சரிபார்க்க வேண்டிவரும்.